நெருப்பெறும்புப் புற்று திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். புல்வெளியில் நெருப்பெறும்புப் புற்று எழும்பிக்கொண்டே இருக்கிறது. பூச்சிமருந்துத் தூளைக் கொட்டினால் சில நாளில் கொஞ்சம் தள்ளி இன்னொரு புற்று. இந்த எறும்பின் தலையைத் துண்டிக்கிற ஈ இருக்கிறதாமே, அதை வாங்கி விடலாமா?

பதில்: ஈ இருப்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் உங்கள் புல்வெளியைக் காப்பாற்றாது.

இந்த எறும்பு 1930-களில் தென் அமெரிக்காவிலிருந்து அலபாமாவின் மொபீல் துறைமுகம் வழியாகக் கப்பலேறி வந்தது. அதன் இயற்கை எதிரிகள் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றில் ஒன்றான ஃபோரிட் ஈயை 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஃப்ளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஆய்வாளர்கள் விட்டு வருகிறார்கள். பொடி ஈ அது. எறும்பின் தலைக்கு மேலே மிதந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் உடலில் ஒரு முட்டையைச் செருகிவிடும். பொரித்த புழு தலைக்குள் ஏறி உள்ளே இருப்பதைத் தின்னும். கடைசியில் தலை கழன்று விழ, அந்த ஓட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும்.

கேட்க அபாரமாக இருந்தாலும், இப்படிச் சாகிற எறும்புகள் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ராணியோ நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஈயால் கிடைக்கும் பலன் வேறு: அது சுற்றும்போது எறும்புகள் இரை தேடுவதை விட்டுப் பதுங்கும், அந்த இடைவெளியில் உள்ளூர் எறும்புகளுக்குத் தீனி கிடைக்கும். பல மாவட்டங்கள் அளவில், பல ஆண்டுகளில் தெரிகிற பலன் இது. ராணியையே மெலியவைக்கும் ஒரு நுண்ணுயிரியையும், சில வைரஸ்களையும் ஆராய்கிறார்கள். அதற்கெல்லாம் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

சரி, தூள் ஏன் பலிக்கவில்லை? மேலே ஓடுகிற எறும்புகளைத்தான் அது கொல்கிறது. ராணி ஆழத்தில் இருக்கிறாள். ஒரே புற்றில் பல ராணிகள் இருப்பதும் உண்டு. தொந்தரவு செய்தால் மிச்சக் கூட்டம் இடம் மாறிவிடும்.

ராணியின் வாய்க்கு விஷத்தைக் கொண்டுபோக வேலைக்கார எறும்புகளால்தான் முடியும். எண்ணெய் எடுத்த மக்காச்சோளக் குருணையில் மருந்து கலந்த சோயா எண்ணெயை ஊற வைத்து விற்கிறார்களே, அந்த இரைமருந்து அதற்காகத்தான். குருணையைத் தின்றால் எறும்பு வயிறு வெடித்துச் சாகும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது. எண்ணெயை மட்டும் உறிஞ்சி, வாயோடு வாயாகக் கூட்டம் முழுக்கப் பங்கிடும். பங்கீடு முடியும்வரை எறும்பு உயிரோடு இருக்க வேண்டும், அதனால் மருந்து மெதுவாகக் கொல்வதுதான் நல்லது. மூன்றாம் நாளே பலனில்லை என்று மேலே தூளைக் கொட்டினால் காரியம் கெட்டது.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒன்றைப் புற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் எறும்பு மொய்த்தால் இரை தேடுகிற நேரம் என்று அர்த்தம். மொய்க்காவிட்டால் அன்றைக்கு வேண்டாம். கோடையில் சாயங்காலம் தோது. தரை காய்ந்திருக்க வேண்டும், அடுத்த ஒரு நாளுக்கு மழையோ தண்ணீர் பாய்ச்சலோ கூடாது. புற்றின் தலையில் கொட்டாமல் புல்வெளி முழுக்கத் தூவுங்கள். பெரும்பாலான இரைமருந்துக்கு ஏக்கருக்கு 1 முதல் 1.5 பவுண்டுதான் அளவு, லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கெட்டை எடுக்காதீர்கள், எண்ணெய் சிக்குப் பிடித்திருந்தால் எறும்பு தொடாது.

அப்புறம் வாசல் ஓரம், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று காத்திருக்க முடியாத புற்றுகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கொதிக்கும் சூட்டில் சுமார் 3 காலன் தண்ணீர் ஊற்றினால் பத்தில் ஆறு புற்று அழியும். புல்லும் வெந்துபோகும், கையிலும் காலிலும் படாமல் பாருங்கள். பெட்ரோல் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் இறக்கை முளைத்த புது ராணிகள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பறந்து வரும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை தூவுங்கள். முடிந்தால் அக்கம்பக்கத்தாரையும் அதே வாரத்தில் தூவச் சொல்லுங்கள்.