ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் என் அக்காவுக்கு நான் எப்படி உதவுவது?

அக்கா பையனுக்கு ஏழு வயது, ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் உண்டு, அக்கா எடுத்ததற்கெல்லாம் அழுகிறார், எரிந்து விழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகனுக்கு 14 வயது. அவனுக்கும் அந்த இரண்டும் உண்டு.

என் தாலிக்கொடியில் ஊக்குகளோடு ஒரு சாவியும் தொங்கும். வாசல் கேட்டின் சாவி. அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று நான் பார்த்த நேரத்தில் வெளியே போய்விட்டான். மெயின் ரோட்டு டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருந்தார். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளை. அன்றிலிருந்து சாவி என் கழுத்தில். குளிக்கும்போதும் கதவைத் தாழ் போட மாட்டேன். ராத்திரி அவன் புரண்டு படுத்தாலே விழிப்பு வந்துவிடும். "ரொம்பப் படுத்துறானா?" என்று கேட்பார்கள். அவன் படுத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் காவல் ஒரு நிமிடமும் கைமாறுவதில்லை பாருங்கள், அதுதான் ஆளைத் தின்கிறது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாக்களை எட்டு நாள் தொடர்ந்து கவனித்தார்கள். அழுத்தத்தைச் சமாளிக்க உடம்பு சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அவர்கள் உமிழ்நீரில் மற்ற அம்மாக்களைவிடக் குறைவாக இருந்தது. நாள்பட்ட அழுத்தத்தில் உடம்பு அப்படி ஆவதுண்டு. அதனால் "சும்மா உட்கார்ந்தாலும் அலுப்பா இருக்கு" என்று அக்கா சொன்னால் நம்புங்கள்.

அப்புறம் பழி. "போனைக் கையில கொடுத்துக் கெடுத்துட்டே" என்பது எங்கள் வீட்டு வசனம். இது நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. 1943-இல் ஆட்டிசத்தை முதலில் விவரித்த மருத்துவர்களில் ஒருவரான லியோ கன்னரே பெற்றோரின் ஒட்டாத சுபாவத்தைப் பற்றி எழுதப்போய், அம்மாவின் பாசம் போதாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று அங்கே அம்மாக்களுக்கு 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் புத்தகம் எழுதி அதை எதிர்த்தார். அவரே ஓர் ஆட்டிசப் பிள்ளையின் அப்பா. அங்கே அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. என் மாமியார் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தெரபி சென்டரும் தன் பங்குக்கு ஒரு பயிற்சித் தாள் கொடுக்கும், வீட்டில் தினமும் செய்ய. "ஏம்மா, செய்யலையா?" என்று கேட்டால் ஹோம்வொர்க் எழுதாத பிள்ளை மாதிரி நிற்பேன். மூன்று வருடம் கழித்துத்தான் "முடியலை" என்று வாய்விட்டுச் சொன்னேன். தாளைப் பாதியாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான்!

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு (ஒரு லட்சம் ரூபாய் வரை), தமிழ்நாடு என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. ஆட்டோவுக்கே சரியாகப் போகும், ஆனாலும் விடக் கூடாது. இதற்கான அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அழுகை நாள் தவறாமல் வருகிறது, தூக்கமே இல்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றையும்விட, வாரம் இரண்டு மணி நேரம் பையனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தபோது, முதல் வாரம் எங்கே போவதென்று தெரியாமல் சத்திரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தேன். கை பத்து தடவையாவது கழுத்துக்குப் போயிருக்கும். மூன்றாவது வாரம் தோழி வீட்டில் நன்றாகத் தூங்கினேன்.

போவதற்கு முன்னால் அவன் எதைச் சாப்பிடுவான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான் என்று அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா வெளியே போன பிறகு போன் போட்டு "அது எங்கே இருக்கு, இது எங்கே இருக்கு" என்று கேட்காதீர்கள்.