பரங்கிக்காய் என்றால் எந்தப் பூசணி?

புளிக்கறி ஏன் நீர்த்துப்போனது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் குறிப்பில் வரும் பரங்கிக்காய், மஞ்சள் பூசணிதான். நீங்கள் போட்டது வெள்ளைப் பூசணி. அதுதான் தண்ணீர் விட்டுக் கறி சளசளவென்று ஆகிவிட்டது.

குழப்பம் 'பூசணி' என்ற பொதுப்பெயரால். செட்டிநாட்டுப் பக்கம் பரங்கி என்பதை வேறு ஊர்களில் சர்க்கரைப் பூசணி என்பார்கள். கடைக்காரரிடம் வெறும் 'பூசணி' என்று கேட்டால் எதையும் எடுத்துத் தருவார்.

அமெரிக்கக் கண்டத்துக் காய் இது. அரபு, பாரசீக வழி வந்த 'ஃபிரங்கி' முதலில் ஐரோப்பாவின் பிராங்க் இனத்தாரைக் குறித்தது; இங்கே போர்த்துக்கீசியர் 'பறங்கி' ஆனார்கள், அவர்கள் வழி வந்த காயும் பறங்கிக்காய். (சென்னைப் பரங்கிமலையும் அப்படித்தான்.) ற, ர இரண்டும் வழக்கில் உண்டு.

வாங்கும்போது கீற்றாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால் பரங்கி. தோலை மட்டும் நம்ப வேண்டாம்: பிஞ்சுப் பரங்கியும் பச்சையாகத்தான் இருக்கும், இனிப்பும் குறைவு. அதற்கு வெல்லம் கொஞ்சம் கூடப் போடுங்கள்.