கடன் கம்பெனிக்கா, வீட்டுக்கா?

கேள்வி: ஐயா, என் அக்காளின் கணவரும் நானும் பங்குதாரர்களாகச் சேர்ந்து 9 ஆண்டுகளாகக் கருங்கல் பக்கத்தில் ஒரு சிறிய அண்டியாபீஸ் (முந்திரிப்பருப்பு ஆலை) நடத்துகிறோம். தூத்துக்குடியிலுள்ள ஓர் இறக்குமதி வியாபாரியிடம் அத்தான் எனக்குத் தெரியாமல் கடனுக்குப் பச்சை முந்திரிக்கொட்டை எடுத்திருக்கிறார். பருப்பு விலை இறங்கியதால் பணம் கட்ட முடியவில்லை. இப்போது 32 லட்சம் ரூபாய் கேட்டு என் பெயருக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கென்று இருப்பது 14 சென்ட் நிலமும் அதிலுள்ள வீடும்தான். தொழிலை உடனே பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆக்கிவிட்டால் வீடு தப்பும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? அத்தானிடம் இதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கருங்கல்

பதில்: தெரிந்தவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது மற்ற பாதி. இனிமேல் கம்பெனி வாங்கும் கடனுக்குத்தான் அவர் சொல்வது பொருந்தும். நோட்டீஸில் உள்ள 32 லட்சத்துக்குப் பொருந்தாது.

நீங்கள் நடத்துவது 1932-ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டத்தின் கீழ் வரும் தொழில். அந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, ஒருவர் பங்குதாரராக இருக்கும் காலத்தில் நிறுவனம் செய்த எல்லாச் செயல்களுக்கும் பங்குதாரர்கள் அனைவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. 'தனித்தனியாகவும்' என்ற அந்த ஒரு சொல் போதும், வியாபாரி முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்பதற்கு. அத்தானின் பங்கை நீங்கள் பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. வியாபாரிக்கு அதில் வேலையில்லை. எனக்குத் தெரியாமல் எடுத்தார் என்ற வாதமும் இங்கே நிற்பது கடினம். தொழிலின் வழக்கமான போக்கில் ஒரு பங்குதாரர் செய்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. அண்டியாபீஸுக்குக் கொட்டை வாங்குவதைவிட வழக்கமான காரியம் வேறென்ன இருக்கிறது? அத்தான் அந்தச் சரக்கை ஆலைக்குக் கொண்டுவராமல் சொந்தக் கணக்கில் விற்றிருந்தார், அது வியாபாரிக்கும் தெரியும் என்று காட்ட முடிந்தால் மட்டும் வழக்கின் முகம் மாறும். அதற்காகவாவது அவரிடம் வாய் திறந்து கேட்டுவிடுங்கள். வரவுச் சீட்டும் லாரி வாடகை ரசீதும் யார் கையில் இருக்கின்றன என்பது தெரியாமல் வக்கீலிடம் போவதில் பயனில்லை.

பங்குதாரர் தொழிலைக் கம்பெனியாக மாற்றிப் பதிவு செய்ய 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்தப் பதிவு அதற்கு முன் ஏற்பட்ட கடனையும் பொறுப்பையும் பாதிக்காது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாக மாற்றினாலும் பழைய கடனுக்குப் பங்குதாரர்கள் சொந்தப் பொறுப்பில்தான் தொடர்வார்கள். வீட்டை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி, ஏனென்றால் இந்தப் பகுதிக்கு எழுதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். நோட்டீஸ் வந்தபின் கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கில் செய்யும் கைமாற்றத்தை அவர் கேட்டுக்கொண்டால் நீதிமன்றம் செல்லாததாக்க முடியும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 53. வீடும் போய், நம்பகத்தன்மையும் போகும்.

இனி கம்பெனி தரும் பாதுகாப்பைப் பற்றி. பத்து ரூபாய் முகமதிப்புள்ள 10,000 பங்குகளோடு ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்தில் நீங்களும் அத்தானும் ஒரு கம்பெனி தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குத் தொகை முழுவதையும் கட்டிவிட்டீர்கள். கம்பெனி 40 லட்சம் கடன்பட்டு மூடிவிட்டால், உங்கள் இருவருக்கும் போவது அந்த ஒரு லட்சம் மட்டுமே. பங்கு ஒன்றுக்கு 6 ரூபாய் மட்டும் கட்டியிருந்தால் மீதி 4 ரூபாய் வீதம் 40,000 ரூபாயைக் கேட்டு வாங்க முடியும். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என்ற இந்தக் கொள்கையை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1897-இல், சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கில் உறுதிப்படுத்தியது. பங்குகளில் ஏறத்தாழ எல்லாமே அவர் கையில்தான் இருந்தன; ஆனாலும் கம்பெனியின் கடன் அவருடைய கடன் ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

அப்படியானால் கம்பெனி நடத்தியவர்கள் வீட்டு வாசலில் வங்கி ஏன் நோட்டீஸ் ஒட்டுகிறது? அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால்தான். சிறு கம்பெனி கடன் கேட்டுப் போனால், வங்கி கம்பெனியை மட்டும் நம்பிப் பணம் தருவது அரிது. மேசையில் ஒரு கட்டுக் காகிதம் வைப்பார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கும். முதல் பத்துப் பக்கங்களில் கம்பெனியின் முத்திரைக்கு மேல் இயக்குநர் என்ற முறையில் கையெழுத்திடுகிறீர்கள். அது கம்பெனியின் கடன். பிறகு முத்திரை இல்லாமல் உங்கள் பெயரும் அப்பா பெயரும் வீட்டு விலாசமும் அடித்த ஒரு பத்திரம் வரும். அதுதான் ஜாமீன் பத்திரம். அதே பேனாவால், அதே வேகத்தில் அதிலும் போட்டுவிடுகிறோம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமமானது. கம்பெனியிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் வங்கிக்கு இல்லை. திவால் சட்டத்தின் கீழ் கம்பெனியின் கடனைத் தீர்க்கும் திட்டம் ஒப்புதல் பெற்றதாலேயே ஜாமீன்தாரர் விடுபட்டுவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

என் கருத்தில், உங்களைப் போன்ற தொழிலில் கம்பெனியின் பயன் வங்கிக் கடனில் இல்லை. ஜாமீன் கையெழுத்து வாங்காமல் சரக்கு தருகிறாரே தூத்துக்குடி வியாபாரி, அவரைப் போன்றவர்களின் கடனில்தான் இருக்கிறது. இந்தக் கொட்டையை ஒரு கம்பெனி வாங்கியிருந்தால், உங்கள் 14 சென்டுக்கு இன்று நோட்டீஸ் வந்திருக்காது. அதற்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பில்லிலும் கடிதத்தாளிலும் கம்பெனியின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அச்சகத்தில் அடித்த பழைய பில் புத்தகம் வீணாகிறதே என்று ஓராண்டுக் காலம் பழைய பெயரிலேயே சரக்கு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். வழக்கு வந்தபோது, தான் கொடுத்தது கம்பெனிக்கு அல்ல, இந்த மனிதருக்குத்தான் என்று வியாபாரி அந்த பில்களையே சாட்சியாக நீட்டினார். இன்னொன்று, சொந்த வங்கிக் கணக்கின் காசோலையை 'செக்யூரிட்டிக்கு இருக்கட்டும்' என்று யாருக்கும் கொடுக்காதீர்கள். அதுவும் ஜாமீன் கையெழுத்தின் தம்பிதான்.

அத்தானோடு இனித் தொடர விருப்பம் இல்லையென்றால் பேசிப் பிரிவது மட்டும் போதாது. பிரிந்ததைப் பங்குதாரர் நிறுவனங்களின் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூரில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதுவரை அவர் எடுக்கும் புதிய சரக்குக்கும் நீங்கள் பொறுப்பாகலாம்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் வாங்கி பாட்டிலில் அடைத்து விற்கிறேன். ஜிஎஸ்டி எண்ணும் உத்யம் பதிவும் இருக்கின்றன. இவை இருந்தால் என் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டா? ஓபிசி என்னும் ஒருநபர் கம்பெனி தொடங்கச் சொல்கிறான் என் மகன்.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கிடையாது. ஜிஎஸ்டி எண் வரிக்கானது, உத்யம் சான்று நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்பதற்கானது. இரண்டும் உங்களையும் தொழிலையும் வேறு வேறு ஆக்குவதில்லை. ஒருநபர் கம்பெனி அதைச் செய்யும்; உங்களுக்குப் பின் யார் என்று ஒரு நியமனதாரரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு பதிவில் கொடுக்க வேண்டும். ஆனால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஆடிட்டரின் தணிக்கை கட்டாயம். ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாமதமாகத் தாக்கல் செய்தால் படிவம் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஓடும். தேனீ வளர்ப்போருக்கு நீங்கள் கையோடு பணம் கொடுத்து வாங்குபவராக இருந்தால், தடுக்க வேண்டிய கடனே இல்லாத இடத்தில் எதற்கு மதில் கட்டுவது? மொத்தமாகக் கடனுக்கு வாங்கவோ, கடைகளுக்குப் பெரிய அளவில் அனுப்பவோ தொடங்கும்போது மகன் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் கம்பெனி தொடங்கியபோது, இரண்டு பேர் வேண்டும் என்று அவளையும் இயக்குநராகச் சேர்த்தார். அவள் அந்த அலுவலகப் படியே ஏறியதில்லை. இப்போது கம்பெனி வரி கட்டவில்லை என்று அவள் பெயருக்கும் நோட்டீஸ் வருகிறது. கம்பெனியின் கடன் உரிமையாளரைத் தொடாது என்கிறார்களே?
- ஒரு தாய், குளச்சல்

பதில்: அம்மா, கம்பெனியில் பங்கு வைத்திருப்பவராக மட்டும் இருந்திருந்தால் தொடாது. உங்கள் மகள் இயக்குநர். பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடமிருந்து வருமான வரியையோ ஜிஎஸ்டியையோ வசூலிக்க முடியாதபோது, அந்த வரிக்குரிய காலத்தில் இயக்குநராக இருந்தவரிடம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. தன் பெருத்த அலட்சியத்தாலோ கடமை தவறியதாலோ அது நேரவில்லை என்று காட்ட வேண்டிய சுமை இயக்குநருடையது. ஆகவே நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் போக வேண்டும். கணக்கில் அவள் கையெழுத்து எங்கேயும் இல்லை, சம்பளம் வாங்கவில்லை, வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரம் இல்லை என்பவற்றுக்கு ஆவணங்கள் சேர்க்க வேண்டும். கம்பெனியின் காசோலை திரும்பி வழக்கு வந்தால் நிலைமை சற்றே மேல்: அன்றாட நடவடிக்கைகளுக்குப் பொறுப்பில் இருந்தவர்களையும், காசோலை திரும்பியதற்கு உடந்தையாகவோ அலட்சியமாகவோ இருந்தவர்களையும்தான் அது பிடிக்கும், பெயருக்கு இருப்பவர்களை அல்ல. ஆனாலும் பெயரை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அலைகிற செலவு அவளுடையது.

அவள் விலக விரும்பினால் கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்கட்டும். கம்பெனி 30 நாளுக்குள் டிஐஆர்-12 படிவத்தில் கம்பெனிகள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் டிஐஆர்-11 படிவத்தை அவளே தாக்கல் செய்யலாம். கம்பெனியில் இயக்குநர்கள் இருவர்தான் என்றால் மருமகன் இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும். விலகினாலும் அவள் பதவியிலிருந்த காலத்துக்கான பொறுப்பு போகாது. வேறு ஏதேனும் கடன் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்களா என்பதையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.