38 வயதில் யூனிஃபார்மைக் கழற்றிய பிறகு

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வு எழுதி விமானப்படை விமானி ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "14 வருஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்களாமே, அப்புறம் என்ன செய்வாள்?" என்று உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. விமானி வேலை என்றால் பெரும்பாலான பெற்றோர் விபத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்கள் பிழைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 14 வருஷக் கணக்கு, பட்டப்படிப்புக்குப் பிறகு ஏ.எஃப்.கேட் என்ற விமானப்படைத் தேர்வு எழுதி குறுகிய காலப் பணியில் சேரும் விமானிகளுக்கானது. அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. உங்கள் மகள் கேட்பது என்.டி.ஏ. அந்த வழியில் போனால் நிரந்தரப் பணி. 20 வருஷம் முடித்தால் ஓய்வூதியம் உண்டு. யாரோ இரண்டையும் கலந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்த வழியில் போனாலும், நாற்பதையொட்டி ஒரு நாள் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வெளியே வரும் விமானிகள் நிறையப் பேர். இதற்கு ராகேஷ் ஷர்மாவின் முழு வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். அவர் பெயரைக் கேட்டதும் 1984 ஏப்ரலில் விண்வெளியில் இருந்த அந்த எட்டு நாள்தான் நமக்கு நினைவுக்கு வரும். பாடப்புத்தகமும் அத்தோடு முடித்துக்கொள்ளும். வேலைவாய்ப்பு ஆலோசகன் என்ற முறையில் எனக்கு அந்த எட்டு நாளைவிட 1987தான் முக்கியமாகப் படுகிறது.

1949இல் பாட்டியாலாவில் பிறந்து, ஹைதராபாத்தில் படித்து, 1966இல் என்.டி.ஏ.வில் சேர்ந்தவர். 1970இல் விமானப்படை அதிகாரி. மறு வருஷமே பாகிஸ்தானோடு போர். மிக்-21இல் 21 முறை போர்ப் பறப்பு. விண்வெளிக்குப் போய்வந்து அசோக சக்ரா வாங்கிய பிறகு, 1987இல், 38 வயதில், விங் கமாண்டராக விமானப்படையை விட்டு வெளியே வந்தார். நீங்கள் பயப்படுகிற அதே வயது.

வந்தவர் எச்.ஏ.எல். என்ற அரசு விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் சோதனை விமானியாகச் சேர்ந்தார். முதலில் மிக் விமானங்கள் தயாராகும் நாசிக்கில், 1992க்குப் பிறகு பெங்களூரில். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் விமானத்தைப் படையிடம் ஒப்படைக்கும் முன்னால் முதலில் ஏறி ஓட்டுகிறவர் சோதனை விமானிதான். கருவி காட்டும் அளவு சரியா, திருப்பினால் ஒரு பக்கம் இழுக்கிறதா, எந்த வேகத்தில் அதிர்கிறது என்றெல்லாம் குறித்துக் கொடுத்து, பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் இந்த வேலை கிடைத்துவிடாது. விமானம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று எழுதவும் விளக்கவும் தெரியவேண்டும். 2001 வரை அவர் பறந்தார். விண்வெளி அவருக்குப் புகழைக் கொடுத்தது. அடுத்த 14 வருஷச் சம்பளத்தைக் கொடுத்தது இந்தத் திறமை. இப்போது நம் குன்னூரில் வசிக்கிறார்.

அவரோடு அதே விண்வெளிப் பயிற்சியை எடுத்துவிட்டு, மாற்று வீரராகத் தரையிலேயே இருந்தவர் ரவீஷ் மல்ஹோத்ரா. அவரும் சோதனை விமானிதான். ஏர் கமடோராக ஓய்வு பெற்று, பெங்களூரு டைனமேட்டிக் நிறுவனத்தின் விமான பாகத் தயாரிப்பில் பொறுப்பு வகித்தார். ஏர்பஸ் ஏ-320இன் இறக்கைக்கு பாகம் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. விண்வெளிக்குப் போகாதவருக்கும் இரண்டாவது வாழ்க்கை அமைந்தது. எனக்கு இவர் கதைதான் இன்னும் பிடிக்கும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதலிடத்தில் இருக்கப்போவதில்லையே.

சரி, ஏர்லைன்ஸ் வேலை? படையில் பறந்த மணிநேரங்களை, விமானி உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் நேராகப் போய் உட்கார முடியாது. சிவில் உரிமத்துக்கான தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி எல்லாம் உண்டு. போர் விமானிகளைவிட ஏ.என்-32 போன்ற போக்குவரத்து விமானம் ஓட்டியவர்களுக்கு இந்த மாற்றம் சுலபம். இரட்டை என்ஜின் விமான அனுபவம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். நிரந்தரப் பணியில் இருப்பவர் நினைத்த நேரத்தில் ராஜினாமா செய்துவிட்டு ஏர்லைன்ஸுக்கு ஓடவும் முடியாது, விடுவிப்பு அனுமதி வேண்டும். இதை உங்கள் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தனியாக விமானி உரிமம் வாங்க அரைக் கோடிக்கு மேல் செலவாகும் என்பதையும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். படை அந்தப் பயிற்சியைச் சம்பளம் கொடுத்துத் தருகிறது.

உங்களுக்கு வரவேண்டிய கவலை என்று ஒன்று உண்டென்றால், அது 14 வருஷம் கழித்து வருவதைப் பற்றியது அல்ல, வாசலிலேயே இருப்பது. என்.டி.ஏ.வில் பெண்கள் 2022இலிருந்து சேர்கிறார்கள். விமானிப் பிரிவில் அவர்களுக்கான இடங்கள் மிகச் சொற்பம். விமானிகளைத் தேர்ந்தெடுக்கக் கணினியில் நடத்தும் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அதில் தவறினால் விமானிப் பிரிவு அத்தோடு சரி. மருத்துவப் பரிசோதனையில் உயரம் மட்டும் பார்க்கமாட்டார்கள். உட்கார வைத்து இடுப்பிலிருந்து தலைவரை, காலின் நீளம், தொடையின் நீளம் என்று தனித்தனியாக அளப்பார்கள். தொடை நீளமாக இருந்தால், அவசரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடித்துவிடும். மார்க் எவ்வளவு எடுத்தாலும் இதற்குப் பரிகாரம் இல்லை.

அதனால் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு நல்ல கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், பார்வையோடு நிறப் பார்வையையும் சோதித்துவிடுங்கள். வீட்டிலேயே டேப் வைத்து மற்ற அளவுகளை எடுத்து, அறிவிப்பில் இருக்கும் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயற்பியலும் வேதியியலும் கணக்கும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், விமானப்படைக்கு மூன்றும் கட்டாயம். என்.டி.ஏ. தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை வரும். பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பொறியியல் கலந்தாய்வுக்கும் கூடவே பதிவு செய்துவிடுங்கள். இந்த முறை கிடைக்காவிட்டால், படித்து முடித்து ஏ.எஃப்.கேட் எழுதலாம். அப்போது அந்த 14 வருஷக் கணக்கை நாம் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.