கிளாஸ்கோவில் பாட்டுக்கு வாய் திறக்கும் முன்

தம்பி, செப்டம்பரில் படிக்க கிளாஸ்கோ வருகிறீர்கள், ரேஞ்சர்ஸ் அணியின் ஐப்ராக்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் வாடகை குறைவாக ஓர் அறை பார்த்திருக்கிறீர்கள். இந்த ஊரின் இரண்டு பெரிய கால்பந்து அணிகளில் செல்டிக் சட்டை வாங்கலாமா ரேஞ்சர்ஸ் சட்டை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். யூடியூப் பார்த்து இரண்டு பக்கத்துப் பாட்டுகளையும் மனப்பாடம் செய்துகொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு என்ன கோட்டு, பகுதிநேர வேலை எப்படி என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், வந்து கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு மனப்பாடத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். நாங்கள் வந்த காலத்தில் இதைச் சொல்லித் தர ஆள் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த இரண்டு அணிகளின் பாட்டுகளில் வம்பு வருகிற பாட்டு ஏறக்குறைய எல்லாமே அயர்லாந்தைப் பற்றியது. ஸ்காட்லாந்தின் ஊரில், ஸ்காட்லாந்து லீகில், அயர்லாந்தின் சண்டையை ஏன் பாடுகிறார்கள் என்பது புரிந்தால்தான் மற்றது புரியும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அதில் ஒரு பெரும் கூட்டம் வந்து இறங்கியது கிளாஸ்கோவில். கிழக்குப் பகுதியில் அந்தக் கத்தோலிக்க ஏழைகளின் பசிக்குப் பணம் திரட்ட, ஸ்லைகோ மாவட்டத்துக்காரரான சகோதரர் வால்ஃப்ரிட் 1887இல் தொடங்கியதுதான் செல்டிக். ரேஞ்சர்ஸ் அதற்கும் முன்பே, 1872இல், பந்து விளையாட ஆசைப்பட்ட சில இளைஞர்கள் தொடங்கியது. அப்போது அதில் மதம் ஒன்றும் இல்லை. செல்டிக் வளர வளர, அதற்கு எதிர்நிலையில் புராட்டஸ்டன்ட் கிளப் என்ற அடையாளம் அதன்மேல் படிந்தது. 1912இல் பெல்ஃபாஸ்ட்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் நிறுவனம் ஐப்ராக்ஸை ஒட்டிய கோவன் பகுதியில் பட்டறை திறந்தபோது வடக்கு அயர்லாந்துத் தொழிலாளர்கள் தங்கள் ஆரஞ்சுச் சங்கங்களோடு, அதாவது பிரிட்டிஷ் முடியாட்சியைப் போற்றும் புராட்டஸ்டன்ட் சங்கங்களோடு வந்து சேர்ந்தார்கள். அடையாளம் கெட்டிப்பட்டது. பேர்பெற்ற கத்தோலிக்க ஆட்டக்காரர் ஒருவரை ரேஞ்சர்ஸ் வெளிப்படையாக ஒப்பந்தம் செய்ய 1989 வரை ஆனது. மோ ஜான்ஸ்டன் அவர். அன்றைக்கு ரேஞ்சர்ஸ் ஆட்கள் சிலர் தங்கள் கழுத்துத் துண்டுகளையே எரித்தார்கள்.

அதனால்தான் ஒரு பக்கம் பிரிட்டிஷ் கொடி, அரசர் வாழ்த்து, 1690இல் பாய்ன் ஆற்றுப் போரில் கத்தோலிக்க மன்னரை வென்ற புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம். மறுபக்கம் அயர்லாந்தின் மூவண்ணக் கொடி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சி, 1981இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்த ஐரிஷ் குடியரசுவாதிகள் பத்துப் பேர். செல்டிக் பக்கம் பாலஸ்தீனக் கொடியும், ரேஞ்சர்ஸ் பக்கம் சில சமயம் இஸ்ரேல் கொடியும் இதன் நீட்சியாகத்தான் பறக்கின்றன. கொடியை வைத்து ஆளின் மதத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது பாட்டுக்கு வருவோம். ரேஞ்சர்ஸ் பக்கத்தில் 'பென்னி ஆர்கேட்', செல்டிக் பக்கத்தில் 'யூ வில் நெவர் வாக் அலோன்', 'ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்' இவை எல்லாம் வெறும் பாட்டு. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை' பஞ்சத்தில் பிள்ளைகளுக்காகச் சோளம் திருடி நாடு கடத்தப்பட்டவனின் பாட்டு. 'கிரேஸ்' 1916இல் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன் சிறையிலேயே மணம் முடித்த ஜோசப் பிளங்கெட்டின் பாட்டு. இரண்டும் அரசியல்தான், ஆனால் தாராளமாகப் பாடலாம். 'தி சாஷ்' ஆரஞ்சு ஊர்வலப் பாட்டு. அதன் மூல வரிகளில் வசை இல்லை. ஆனாலும் எந்த இடத்தில், யார் முன்னால் பாடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது வாழ்த்தாகவோ சவாலாகவோ ஆகும்.

'பில்லி பாய்ஸ்' வேறு வகை. 1930களில் பிரிட்ஜ்டன் பகுதியில் திரிந்த ஒரு தெருக் கும்பலின் பாட்டு அது. கத்தோலிக்க ஐரிஷ்காரர்களின் இரத்தத்தில் முழங்காலளவு நிற்பதாக ஒரு வரி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து உற்சாகமான மெட்டு, காதில் விழுந்தால் கால் தானாகத் தாளம் போடும். ஆபத்தே அங்கேதான். 2006இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ இதற்காக ரேஞ்சர்ஸுக்கு அபராதம் போட்டது. 2019இல் மதவெறுப்பு முழக்கங்களுக்காக ஐப்ராக்ஸில் 3,000 இருக்கைகளை ஓர் ஆட்டத்துக்கு மூட வைத்தது. செல்டிக் பக்கம் மட்டும் தூய்மை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பைப் போற்றிய முழக்கத்துக்காக 2011இல் அவர்களுக்கும் அபராதம் விழுந்தது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, 1972இல், பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன் ஸ்டர்லிங்கில் தன் ஆதரவாளர்களின் கூட்டத்துக்குள்ளேயே இறங்கிப் போய் இந்தப் பாட்டுகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

புதிதாக வருபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்தப் பாட்டுகளில் அல்ல, நல்ல பாட்டுகளின் இடைச்செருகலில். 'ஆதன்ரை' பல்லவியில் வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி வரும். அதில் ஒரு பகுதிக் கூட்டம் 'ஷின் ஃபேன்' (ஐரிஷ் குடியரசுவாதக் கட்சி), 'ஐ.ஆர்.ஏ.' என்று கத்தும். ஐப்ராக்ஸில் டினா டர்னரின் 'தி பெஸ்ட்' ஒலித்தால், அதன் இடைவெளியில் போப்பாண்டவருக்கு ஒரு கெட்ட வார்த்தை விழும். இணையத்தில் வரிகளைத் தேடினால் இந்தச் செருகல்கள் பெரும்பாலும் இருக்காது. யூடியூப் காணொளியில் பாட்டோடு கலந்து இருக்கும். நீங்கள் ஒலியை வைத்துப் பாடம் பண்ணுகிறீர்கள், செருகலும் பாட்டின் பகுதி என்று நினைத்து அதையும் சேர்த்தே கத்துவீர்கள். ஆகவே பல்லவி முடியும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கத்தினால் கத்தட்டும், நீங்கள் கை தட்டக்கூட வேண்டாம். ஃபீனியன், டேக் (கத்தோலிக்கரை இழிவாகச் சொல்வது), ஹன் (ரேஞ்சர்ஸ் ஆட்களை, புராட்டஸ்டன்டுகளை இழிவாகச் சொல்வது) என்ற மூன்று சொற்களும் எந்தச் சூழலிலும் உங்கள் வாயில் வரவே கூடாது.

இன்னும் ஒரு பாட்டு, என் நெஞ்சைச் சுடுகிற பாட்டு. 2008 வாக்கில் ரேஞ்சர்ஸ் ஆதரவாளர்களிடையே கிளம்பியது. பஞ்சம்தான் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை என்று ஐரிஷ் வம்சத்தாரைக் கேட்கும் பாட்டு. அதைப் பாடித் தண்டனை பெற்ற ஒருவர் மேல்முறையீட்டுக்குப் போனார். 2009இல் எடின்பரோவின் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இந்த நாட்டிலேயே பிறந்தவர்களை அவர்கள் வம்சத்தைக் காட்டி வெளியே போகச் சொல்வது இனவெறி. நான்கைந்து தலைமுறையாக இதே தெருவில் வாழ்பவர்களைப் பார்த்துப் பாடிய பாட்டு அது. நம் ஆட்கள் சிலர் பப்பில் நண்பர்களோடு உட்கார்ந்து அதற்கு ஒத்து ஊதுவதும், காணொளி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் எனக்குத் தாங்கமுடியாத கோபத்தைத் தருகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டு, பிள்ளை வீட்டுக்கு வந்து அழும்போது எந்த முகத்தோடு புகார் செய்வீர்கள்?

செல்டிக் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். 1988 சனவரியில் ரேஞ்சர்ஸுக்காக முதல்முறை ஆட வந்த கறுப்பின வீரர் மார்க் வால்டர்ஸ் மேல் வாழைப்பழம் எறிந்தது செல்டிக் மைதானத்தில். புலம்பெயர்ந்தோர் தொடங்கிய கிளப்பின் மைதானத்தில்.

சட்டத்துக்கு வருகிறேன். கால்பந்து முழக்கங்களுக்கென்றே 2012இல் ஒரு சட்டம் வந்தது. 2018இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதை வைத்து இப்போது எதைப் பாடினாலும் குற்றமில்லை என்று நம் மாணவர்களிடம் சொல்லித் திரிகிறார்கள் சிலர். பச்சைப் பொய். அமைதிக் குலைவு என்ற பழைய குற்றம் அப்படியே இருக்கிறது. 2010ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, மிரட்டும் அல்லது இழிவுபடுத்தும் நடத்தைக்கு ஐந்தாண்டு வரை சிறை தரலாம். இனவெறுப்போ மதவெறுப்போ சேர்ந்தால் குற்றம் கனமாகும். நீதிமன்றம் கால்பந்துத் தடை ஆணையும் போடலாம். ஐ.ஆர்.ஏ. பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 2001இல் புலிகள் சேர்க்கப்பட்டதும் அதே பட்டியலில்தான். கொடி, சட்டைச் சின்னம் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று இலங்கையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளூர்ப் பையனுக்கு இது ஓர் அபராதத்தோடு போகலாம். உங்களுக்கு அப்படி இல்லை. அடுத்த விசா விண்ணப்பத்தில் குற்றத் தீர்ப்பு எதுவானாலும் எழுதியே ஆகவேண்டும். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதற்குக் குறைவானால் அதிகாரியின் முடிவு. மைதானத்தில் காவல்துறையினர் கேமராவோடு கூட்டத்தைப் படம் பிடிப்பார்கள். அதையும் மிஞ்சிய சாட்சி நீங்களே எடுத்துப் போடும் செல்ஃபி காணொளி.

ஐப்ராக்ஸ் அறையை எடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. சாதாரண நாளில் அது மற்றப் பகுதிகளைப் போலத்தான். ஆட்ட நாளில் மட்டும் அட்டவணை பார்த்து நடக்க வேண்டும். ஐம்பதாயிரம் பேர் வருவார்கள், ஆட்டம் முடிந்ததும் ஐப்ராக்ஸ் சப்வே நிலையத்தில் வரிசை தெருவரை நிற்கும். ஆட்டம் முடிவதற்கு முன்பே வீடு சேருங்கள், அல்லது இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். இரு அணிகளும் மோதும் நாளில் நண்பகலிலேயே ஆட்டம் வைப்பார்கள், குடிக்க நேரம் குறைவாக இருக்கட்டும் என்று. மைதானத்துக்குள் மது கிடையாது. 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்த இரு அணிகளின் ஆதரவாளர்களும் ஆடுகளத்திலேயே அடித்துக்கொண்டதன் விளைவு அந்தத் தடை. போதையில் நுழைவதும் குற்றம். கிழக்கே போனால் பிரிட்ஜ்டன் ரேஞ்சர்ஸின் நீலம், சற்றுத் தள்ளி கேலோகேட் செல்டிக்கின் பச்சை. பத்து நிமிட நடையில் ஊர் மாறிவிடும். 1995இல் செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு பிரிட்ஜ்டன் வழியாக நடந்துபோன 16 வயது மாணவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அந்த மரணத்துக்குப் பிறகு பிறந்ததுதான் மதவெறுப்புக்கு எதிராகப் பாடுபடும் 'நில் பை மௌத்' அமைப்பு.

ஆகவே முதல் வருடம் எந்தச் சட்டையும் வாங்காதீர்கள். பல பப்புகளின் வாசலில் அணி நிறங்களுக்கு அனுமதி இல்லை என்று பலகையே இருக்கும். சாதாரணப் பச்சைக் கோட்டு, நீலக் கோட்டு எல்லாம் பிரச்சினை இல்லை. பச்சை வெள்ளைப் பட்டையும் கிளப் சின்னமும்தான் கணக்கு. எந்த அணி என்று டாக்ஸிக்காரர் கேட்டால் பார்ட்டிக் திஸில் என்று, இதே ஊரின் இன்னொரு சிறிய அணியின் பெயரைச் சொல்லுங்கள். இந்த ஊரில் சண்டை வேண்டாதவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் அது, சிரித்துக்கொள்வார்கள். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் அது மதத்தைத் தெரிந்துகொள்ளும் கேள்வி. 1918 முதல் இங்கே அரசு நிதியிலேயே கத்தோலிக்கப் பள்ளிகள் தனியாக நடக்கின்றன, பள்ளிப் பெயரே சொல்லிவிடும். சொந்த ஊர்ப் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். சூலை மாதம் ஆரஞ்சு ஊர்வலம் வந்தால் அணிவகுப்பின் குறுக்கே சாலையைக் கடக்காதீர்கள். கடைசி ஆள் போகும்வரை நில்லுங்கள், அல்லது காவலரைக் கேளுங்கள்.

மைதானத்தில் நேரடியாக இந்த இரு அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கும் ஆசையை ஒத்திவையுங்கள். சீசன் டிக்கெட் இல்லாதவர்களுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, வெளியே விற்பவரிடம் வாங்கினால் பணம் போகும். பழைய நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. 2018 வரை ஐப்ராக்ஸின் ப்ரூம்லோன் பக்கம் முழுக்க, ஏழாயிரம் செல்டிக் ஆட்கள் இருப்பார்கள். இங்கே ஒரு பாட்டு எழுந்தால் அங்கிருந்து எதிர்ப்பாட்டு, மைதானம் முழுக்கக் கேள்வியும் பதிலுமாக இருக்கும். வசைகளை நீக்கிவிட்டுக் கேட்டால் அப்படி ஓர் ஒலியை வேறெங்கும் கேட்க முடியாது. அந்த ஏழாயிரத்தை ரேஞ்சர்ஸ் எண்ணூறாகக் குறைத்தது, செல்டிக்கும் பதிலுக்குக் குறைத்தது, சில ஆட்டங்களில் எதிரணி ஆள் ஒருவர்கூட இல்லாமல் போனது. அண்மையில்தான் மறுபடி ஓரளவு இடம் தருகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும் மைதானம் எனக்குப் பாதி மைதானம்தான்.

இன்னொன்று. 1971 சனவரி 2 அன்று, இதே இரு அணிகளின் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது ஐப்ராக்ஸின் 13ஆம் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதைக் கேலி செய்யும் முழக்கமும் எப்போதாவது காதில் விழும். அதைப் பாடுகிற ஆளோடு நட்பே வேண்டாம்.

பாடியே ஆகவேண்டும் என்றால் ஹேம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து அணியின் ஆட்டத்துக்குப் போங்கள். 1314 பேனக்பர்ன் போரைச் சொல்லும் 'ஃபிளவர் ஆஃப் ஸ்காட்லாந்து' பாடுவார்கள். அதுவும் இங்கிலாந்து மன்னனைத் திருப்பி அனுப்பிய அரசியல் பாட்டுதான், ஆனால் பக்கத்து இருக்கைக்காரரை அது சுடாது. முதல் சரணத்தை மட்டும் கற்றுக்கொண்டு வாருங்கள்.