டானிக் மரத்தைப் பிடித்து நிறுத்தாது

கேள்வி: ஐயா, நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். ராய்கட் மாவட்டம் ஸ்ரீவர்தன் பக்கம் சின்னதாக ஒரு தென்னை வாடி (தோப்பு) இருக்கிறது. 2020 நிசர்கா புயலில் 22 மரங்கள் விழுந்தன. அந்த மழையிலேயே கன்று வைத்து, சொட்டுநீர் போட்டேன். இப்போது காய்க்கின்றன. ஆனால் நாலைந்து மரங்கள் வடகிழக்கே சாய்ந்து நிற்கின்றன. வேரில் டானிக் கட்டினால் வேர் இறுகும், புயலைத் தாங்கும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். மழைக்கு முன் கட்டிவிடலாமா? பழைய மரத்துண்டுகள் இன்னும் வேலியோரம் கிடக்கின்றன.

பதில்: கட்ட வேண்டாம். தென்னை டானிக் குரும்பை (பிஞ்சு) உதிர்வுக்கும் காய்ப்புக்கும் ஆனது. ஒரு வேரின் நுனியைச் சீவிப் பையில் விட்டுக் கட்டுகிறோம், சத்து மேலே ஏறுகிறது. மண்ணைப் பிடிக்கிற வேரை அது வளர்த்துவிடாது. ஒருமுறை 22 மரங்களைப் பறிகொடுத்தவரிடம் அதைப் புயலுக்கு மருந்து என்று விற்பது பொய் வியாபாரம்.

சாய்வைப் பற்றிச் சொல்கிறேன். ஜூன் 3 மதியம் நிசர்கா அலிபாகுக்குத் தெற்கே கரையேறி வடகிழக்காகப் போனது. நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் இருப்பவர்களுக்கு அடி அதிகம். மும்பை இடப்பக்கம், தப்பித்தோம். ராய்கட்டின் தென்பகுதியும் அதற்குத் தெற்கே உள்ள தாபோலியும் வாங்கிக்கொண்டன. அடுத்த வருடம், 2021 மே மாதம் வந்த டவ்தே புயல் கரையேறியது குஜராத்தில்தான். ஆனாலும் அது கடலிலேயே வடக்கே போனபோது கொங்கண் கரை முழுக்க அதன் வலப்பக்கம். உங்கள் கன்றுகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அன்று விழுந்த சாய்வாக இருக்கலாம். சாய்ந்தபின் நுனி நிமிர்ந்து வளர்ந்த மரத்தை விட்டுவிடுங்கள். கயிறு கட்டி இழுத்தால் இருக்கிற வேரும் அறும். தூரில் மண் வெடித்து, புதிதாகச் சாய்கிற மரம்தான் ஆபத்து. அதற்கு மண் அணைத்து நன்றாக மிதித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: தண்ணீர் எங்கே விழுகிறது? தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கயிறு போன்ற வேர்கள் பக்கவாட்டில் ஓடித்தான் மரத்தை நிறுத்துகின்றன. கன்றுக்குப் போட்ட சொட்டுவாய் (குழாயில் தண்ணீர் சொட்டும் இடம்) இன்னும் தூரை ஒட்டியே இருக்கிறதா? இருந்தால் வேர் தள்ளிப் போகத் தேவையே இல்லை. ஈரம் இருக்கிற இடத்திலேயே சுருண்டு நிற்கும். எத்தனையோ தோப்பில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். குழாய் போட்டவர் போய்விடுவார், மரம் வளர வளரச் சொட்டுவாயைத் தள்ளி வைக்க யாரும் சொல்வதில்லை. தூரிலிருந்து 3 அடிக்கு அப்பால் நாலு திசையிலும் வையுங்கள்.

அப்புறம் மட்டை புதையுங்கள். எங்கே போனாலும் நான் சொல்வது இதுதான். தூரிலிருந்து 6 அடி தள்ளி வட்டமாக வாய்க்கால் எடுத்து, ஊறவைத்த தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்கள். மட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், சாம்பல் (பொட்டாஷ்) சத்தும் தரும். ஐந்தாறு வருடம் உழைக்கும். வேர் அந்த ஈரத்தைத் தேடி வெளியே ஓடும். உங்கள் மணலுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால் எந்தக் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்போது தோண்டாதீர்கள். மழைக்கு முன் வேரை வெட்டினால் மரம் ஆடும். அக்டோபரில் மழை ஓய்ந்ததும் பாதி வட்டம், மறு வருடம் மீதி.

வேலியோரத் துண்டுகளை இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள். மக்கிய தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். விரிந்த ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் வண்டு ஏற்கெனவே குருத்துக்குள் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

புயல் எச்சரிக்கை வந்தால் முற்றிய குலைகளை உடனே இறக்குங்கள். பச்சை ஓலையை மொட்டையடிக்க விடாதீர்கள்.

ஒரு சாய்ந்த மரத்தின் தூரிலிருந்து 4 அடி தள்ளி, ஓரடிச் சதுரத்தில் மண்ணைக் கையால் பறித்துப் பாருங்கள். அங்கே வேர் இருக்கிறதா, எந்த ஆழத்தில் என்று எழுதுங்கள்.