'ஃபேமஸ்' என்பதற்குப் பதில் 'நொட்டோரியஸ்' போடலாமா?

உங்கள் பேராசிரியரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'ஃபேமஸ்' மூன்று முறை வந்துவிட்டதால், ஒன்றை 'நொட்டோரியஸ்' என்று மாற்றலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது கெட்ட பெயரால் அறியப்பட்டவர்களுக்கான சொல். அவரை மோசடிக்காரர்கள் வரிசையில் நிறுத்திவிடும். 'இன்ஃபேமஸ்' என்பதும் அப்படித்தான். முன்னால் 'இன்' இருப்பதால் 'புகழ் இல்லாதவர்' என்று பொருள் வராது, இழிபுகழ் பெற்றவர் என்றே வரும். பலர் இடறும் இடம் இது.

உங்கள் பேராசிரியருக்கு 'எமினென்ட்' அருமையாகப் பொருந்தும். வெளியுலகம் அறியாவிட்டாலும், தன் துறைக்குள் பெருமதிப்புப் பெற்றவரை அப்படிச் சொல்லலாம். செய்த பணியால் வந்த புகழ் என்றால் 'ரினௌன்ட்'. பின்னால் 'ஃபார்' சேர்த்து எதற்காக என்றும் எழுதலாம். சாதாரணமாகச் சொல்ல 'வெல்-நோன்' போதும்.

ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் நூலான தெசாரஸின் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். 1852-இல் ரோஜெட் வெளியிட்ட தெசாரஸே சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்ததுதான். ஒவ்வொன்றுக்கும் பொருள் விளக்கம் தரும் அகராதி அல்ல. அங்கே கிடைத்த சொல்லை நல்ல அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பாருங்கள்.

அப்புறம், மூன்றாவது 'ஃபேமஸ்' தேவையே இல்லை. அந்த இடத்தில் அவர் செய்த ஆய்வைச் சொல்லுங்கள்.